ஒரு நாற்காலி போதும்

காலையில் கட்டிலைவிட்டு எழுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைவிட்டு எழுகிறோம். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் பேருந்து இருக்கையைவிட்டு எழுகிறோம். ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறோம் என்று இளையர் யாரும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது எளிதான செயல்.

எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு அதே செயல் பெரிய சோதனையாக மாறிவிடக்கூடும். நாற்காலியிலிருந்து தாமாக எழ முடிந்தால், அவர் தாமாகவே கழிவறைக்குச் செல்வார். ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்குவார். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பிறரை எதிர்பாராமல் போய் வருவார். எழ முடியாவிட்டால், இவை ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரின் கை தேவைப்படும். அந்தக் கைக்கு உரியவர் வேலைக்குச் சென்றிருந்தால், அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்துகிறாரா, இல்லையா என்பது பல வேளைகளில் தொடைத் தசையின் வலிமையைப் பொறுத்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மூத்தோர் பலருக்கு உடற்பயிற்சிக் கூடம் பழக்கமில்லாத இடம். அங்குள்ள இயந்திரங்களைப் பார்த்தாலே சிலர் தயங்குவர். ஆனால், புளோக்கின் கீழ்த்தளம் அவர்களுக்குப் பழகிய இடம். மின்தூக்கியைவிட்டு இறங்கினால் அங்கே வந்துவிடலாம். துடிப்பாக மூப்படையும் நிலையங்களிலும் சமூக மன்றங்களிலும் கீழ்த்தளங்களிலும், பயிற்றுநர் ஒருவரின் வழிகாட்டுதலில் மூத்தோர் சிறு குழுக்களாகப் பயிற்சி செய்வதை இப்போது பரவலாகக் காணலாம். அங்கே பெரிய கருவிகள் இருக்கத் தேவையில்லை. சில நாற்காலிகளை வைத்துக்கொண்டு முதிர்ந்த உடலுக்கு வலிமை சேர்ப்பது எப்படி? அதைத்தான் இந்தப் பகுதி விளக்குகிறது.

தசைக்கு வயது தெரியுமா?

முப்பது வயதுக்குப் பிறகு, போதிய பயிற்சி பெறாத தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபது வயதைத் தாண்டியதும் அது குறையும் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை விரைவாகக் குறைகிறது; வலிமையைவிட, சட்டென்று செயல்படும் ஆற்றல் இன்னும் விரைவாகக் குறைகிறது. கால் இடறும்போது விழாமல் தப்பிக்க அடுத்த அடியை உடனே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு அந்த ஆற்றல்தான் உதவுகிறது. மூப்பினால் ஏற்படும் இந்தத் தசை இழப்பை மருத்துவர்கள் ‘சார்க்கோபீனியா’ என்று அழைக்கின்றனர். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை. ‘பெனியா’ என்றால் வறுமை. ஆக, அது சதைக்கு வந்த வறுமை.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்பது நம் வழக்கம். நற்பழக்கங்களை இளமையிலேயே தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட பழமொழி அது. ஆனால், வயதான பிறகு முயன்று பயனில்லை என்று அதற்குப் பொருள் கொண்டால் அது தவறாகிவிடும்.

1990ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஒரு மூத்தோர் பராமரிப்பு இல்லத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. மருத்துவர் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேருக்குக் கால் தசைகளுக்கான வலிமைப் பயிற்சி அளித்தனர். பயிற்சி எட்டு வாரங்களுக்கு நீடித்தது. ஒன்பது பேர் அதை நிறைவு செய்தனர். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது, தொடக்கத்தில் இருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். தொடக்கத்தில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்த மூவரில் ஒருவரால் அவ்வாறு எழ முடிந்தது.

தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தசைக்குக் கொடுக்கும் வேலை, அதற்குச் சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். தசை வலுப்பெறப் பெற, அந்த வேலையும் சிறிது சிறிதாகக் கூட வேண்டும். கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிப் பத்து நிமிடம் அசைத்துவிட்டுப் போவதால் மனம் மகிழலாம், தசை வலுப்பெறாது.

சுமை எங்கே இருக்கிறது?

பாஸ்டன் ஆய்வில் எடை தூக்கும் இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. கீழ்த்தளத்தில் இயந்திரம் இல்லை. அப்படியானால், தசைக்கு வேண்டிய சுமை எங்கிருந்து வரும்?

சுமை ஏற்கெனவே அங்கு இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பாட்டி ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது, தம் உடல் எடையின் பெரும்பகுதியைத் தம் கால்களால் தூக்குகிறார். இயந்திரத்தில் எடைத் தட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் சுமையை மாற்றுவார்கள். கீழ்த்தளத்தில் உயரம், தூரம், வேகம், பிடிமானம் ஆகியவற்றை மாற்றிச் சுமையை மாற்றலாம்.

சுவரை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கிப் பின் தள்ளினால் அது எளிய பயிற்சி. பாதங்களை இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தால், அதே பயிற்சி கடினமாகிறது. மார்பும் தோளும் கைகளும் கூடுதல் எடையைத் தாங்குகின்றன. செலவு எதுவும் இல்லை. பாதங்கள் வைக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அரை லிட்டர் போத்தலைப் பாதி நிரப்பினால் கால் கிலோ. முழுமையாக நிரப்பினால் அரைக் கிலோ. வாரம்தோறும் இரண்டு விரற்கடை அளவு தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகலாம். பயிற்சி முடிந்ததும் அதையே குடித்தும் விடலாம்.

துண்டு ஒன்றைச் சுருட்டி இரு கைகளாலும் பிழிவதுபோல் முறுக்கினால் கைப்பிடி வலுவாகும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கவும் போத்தல் மூடியைத் திறக்கவும் அந்தப் பிடி தேவை. மாடிப்படியின் முதல் படி, ஏறி இறங்கும் பயிற்சிக்கு உதவும். நாற்காலியின் முதுகுப்பகுதி, நின்றபடி செய்யும் பயிற்சிகளுக்குப் பிடிமானமாகும்.

ஒரே அசைவு, ஒவ்வொருவருக்கும் ஒரு படி

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்கு 66 வயது. அண்மையில்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவருக்கு 84 வயது, கைத்தடியுடன் வருபவர். ஒருவருக்கு முழங்கால் தேய்மானம். ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. இவர்கள் எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்து எப்படிப் பயிற்சி அளிப்பது? நடுத்தரமான ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் கொடுத்தால், வலிமையுள்ளவருக்கு அது விளையாட்டாகத் தோன்றும். வலிமை குறைந்தவருக்கு ஆபத்தாக முடியும்.

நல்ல பயிற்றுநர் அசைவை மாற்றுவதில்லை. அசைவின் படியை மாற்றுகிறார். உட்கார்ந்து எழும் பயிற்சியையே பார்ப்போம். மிகவும் வலிமை குறைந்தவருக்கு இருக்கையின்மீது தடித்த மெத்தை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டுவார். கைப்பிடியை அழுத்தி எழச் சொல்வார். அடுத்த நிலையில் இருப்பவர் தம் தொடைகளில் கையை ஊன்றி எழுவார். அதற்கும் அடுத்தவர் கைகளை மார்பில் குறுக்காக வைத்து எழுவார். இன்னும் வலிமையுள்ளவர் மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருவார். அதற்கும் மேற்பட்டவர் நெஞ்சோடு ஒரு தண்ணீர்ப் போத்தலை அணைத்துக்கொண்டு எழுவார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். யாரும் பின்தங்கியவராகத் தெரிவதில்லை. ஆனால், ஒவ்வொருவரின் தசைக்கும் அதற்கேற்ற வேலை கிடைக்கிறது.

எந்தப் படி யாருக்குப் பொருந்தும் என்பதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ஒருவர் நல்ல முறையில் எட்டு முறை செய்ய முடிந்து, பன்னிரண்டுக்கு மேல் செய்வது கடினமாக இருந்தால், அந்தப் படி அவருக்குப் பொருத்தமானது. பன்னிரண்டு முறை செய்த பிறகும் முகத்தில் எந்தச் சிரமமும் தெரியாவிட்டால், அடுத்த படிக்குப் போகலாம். ஐந்தாவது முறையிலேயே நடுக்கம் கண்டால், ஒரு படி இறங்க வேண்டும். இறங்குவது தோல்வி அன்று. காய்ச்சலுக்குப் பிறகோ உறக்கமில்லாத இரவுக்குப் பிறகோ எவரும் ஒரு படி இறங்குவது இயல்பே.

இதனால்தான் அத்தகைய வகுப்பில் பயிற்றுநரின் கண் மிக முக்கியமான கருவியாகிறது. அவர் பார்ப்பவை பல: எழும்போது முழங்கால்கள் உட்பக்கம் சாய்கின்றனவா? குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதா? உட்காரும்போது பொத்தென்று விழுகிறாரா? மூச்சை அடக்கிக்கொள்கிறாரா? இவற்றை எல்லாம் கவனிக்க வேண்டுமானால் குழு சிறியதாக இருக்க வேண்டும். எட்டு அல்லது பத்துப் பேரை அரைவட்டமாக அமர்த்தினால், ஒவ்வொருவரின் பாதமும் பயிற்றுநருக்குத் தெரியும். முப்பது பேரை வரிசையாக நிறுத்தினால், முதல் வரிசை மட்டும்தான் தெரியும்.

ஒரு வகுப்பின் போக்கு

வகுப்பின் முதல் பத்து நிமிடங்கள் உடலைத் தயார்படுத்துவதற்கு உரியவை. உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுதல், இருந்த இடத்திலேயே நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றித் தூக்குதல், தோள்களைப் பின்னோக்கி உருட்டுதல் ஆகியவை இதில் இடம்பெறும். இந்த நேரத்தில் பயிற்றுநர் எல்லாரையும் நலம் விசாரிப்பார். “நேற்று நன்றாகத் தூங்கினீர்களா? மாத்திரை ஏதும் மாறியிருக்கிறதா?” என்று அவர் கேட்பது வெறும் பேச்சுக்காக அன்று. அந்தப் பதில்களைக் கொண்டுதான் அன்றைக்கு யாருக்கு எந்தப் படி என்பதை அவர் முடிவு செய்கிறார்.

அடுத்த இருபத்தைந்து நிமிடங்கள் வலிமைப் பயிற்சிக்கு உரியவை. உட்கார்ந்து எழுதல், சுவரைத் தள்ளுதல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், போத்தலைத் தூக்குதல் என நான்கு பயிற்சிகள் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று செய்யலாம். சுற்றுகளுக்கு இடையே ஓய்வு கட்டாயம்.

பிறகு சமநிலைப் பயிற்சி. ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் இரு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு கை; அதன் பிறகு ஒரே ஒரு விரல்; கடைசியில் கையை நாற்காலிக்கு மேலே தொடாமல் வைத்துக்கொள்வார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவாக்கப்பட்ட பயிற்சித் திட்டம் இத்தகைய வலிமைப் பயிற்சிகளையும் சமநிலைப் பயிற்சிகளையும் இணைத்தது. அதைப் பின்பற்றிய மூத்தோரிடையே கீழே விழும் நிகழ்வுகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இறுதிப் பத்து நிமிடங்களில் மூச்சு சீராகும்வரை மெதுவான அசைவுகள் தொடரும். அதன் பின்னர்த் தண்ணீர் குடித்தல், நாற்காலிகளை அடுக்குதல், சற்றுநேரம் பேசிக்கொண்டிருத்தல் எனப் பொழுது போகும். தனியாக வசிக்கும் மூத்தோர் சிலர் அந்தப் பேச்சுக்காகவே வருவதுண்டு. அதுவும் வகுப்பின் பயன்தான். மூன்று வகுப்புகளாக ஒருவர் வரவில்லை என்றால், யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. அத்துடன், குறைந்தது இரண்டு நாள் தசை வலிமைப் பயிற்சியும் குறைந்தது மூன்று நாள் சமநிலையை மேம்படுத்தும் பயிற்சியும் தேவை என்றும் கூறுகிறது. நடைப்பயிற்சி மட்டும் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால், நாற்காலியிலிருந்து எழுவதற்கான வலிமையை அது மட்டும் தந்துவிடாது.

சொல்லில் மரியாதை

மூத்தோரிடம் பேசும் முறையைப் பயிற்றுநர் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுள் சிலர் கப்பல் பட்டறையில் பாரம் தூக்கியவர்கள். சிலர் தாதியராக இரவுப் பணி செய்தவர்கள். சிலர் ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்தவர்கள். “சமத்து! இன்னும் ஒரு தடவை செய்யுங்கள், பார்க்கலாம்!” என்று குழந்தைகளைக் கொஞ்சுவதுபோல் பேசினால், அவர்கள் முகம் சுருங்கும். பலர் மறுவாரம் வரமாட்டார்கள்.

அழைக்கும் முறையும் முக்கியம். ஒருவரை ‘அங்கிள்’ என்றும், இன்னொருவரை ‘மக்சிக்’ என்றும், மற்றொருவரை ‘ஆ மா’ என்றும், வேறொருவரை ‘பாட்டி’ என்றும் அவரவர் விரும்பும் முறையில் அழைப்பதே நம் நாட்டின் வழக்கம். எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு சுற்றில் “ஒன்று, இரண்டு, மூன்று” என்றும், அடுத்த சுற்றில் “சத்து, டுவா, தீகா” என்றும், அதற்கடுத்த சுற்றில் “யீ, அர், சான்” என்றும் எல்லாரும் உரக்க எண்ணுவார்கள். இதில் இரட்டைப் பயன் உண்டு. பயிற்சியின்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும்; உரக்க எண்ணுபவரால் மூச்சை அடக்க முடியாது. மற்ற மொழியில் எண்ணத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வார்.

உடலின் உள்ளே நடப்பதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செயலைச் சொல்லிக் கொடுப்பது விரைவில் புரியும். “தொடைத் தசையை இறுக்குங்கள்” என்றால் பலருக்குப் புரியாது. “பாதத்தால் தரையை அழுத்துங்கள்”, “மேல்தட்டில் இருக்கும் பிஸ்கட் டின்னை எடுப்பதுபோல் கையை நீட்டுங்கள்” என்றால் உடனே புரியும். பயிற்றுநர் குழுவைப் பார்த்து நிற்பதால், ‘வலக்கை’ என்று சொல்லும்போது தம் இடக்கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்கள் பின்பற்ற முடியும். காது கேளாதவருக்கு உதடும் முகமும் தெரிய வேண்டும். ஆகவே, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது.

ஒருவர் செய்ய மறுக்கும்போதுதான் பயிற்றுநரின் திறமை தெரியும். பின்வரும் உரையாடலைப் பாருங்கள்.

“எனக்கு முட்டி வலிக்குது தம்பி. நான் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்.”

“சரிங்க பாட்டி. வலி குத்துற மாதிரி இருக்கா, இல்ல இறுக்கமா இருக்கா?”

“குத்தல. எழும்போது மட்டும் இறுக்கிப் பிடிக்குது.”

“அப்படின்னா, இன்னொரு மெத்தைய வச்சு நாற்காலிய உயரமாக்கிப் பார்ப்போமா? வலி கூடினா உடனே நிறுத்திடலாம். இல்லேன்னா, இன்னைக்கு எங்க எல்லாருக்கும் நீங்களே எண்ணிச் சொல்லுங்க.”

பயிற்றுநர் பாட்டியைக் கட்டாயப்படுத்தவில்லை. “இதெல்லாம் ஒன்றுமில்லை” என்று அவருடைய வலியைத் தட்டிக் கழிக்கவும் இல்லை. வலியின் தன்மையைக் கேட்டார். ஒரு படி இறங்கும் வழியைக் காட்டினார். அதையும் மறுக்கும் உரிமையைக் கொடுத்தார். மறுத்தாலும் குழுவில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதை உணர்த்தினார்.

பாதுகாப்பே முதல் பாடம்

கீழே விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வந்தவர், பயிற்சியிலேயே விழுந்துவிடக் கூடாது. நாற்காலியில் சக்கரம் இருக்கக் கூடாது. அது மடங்காததாக இருக்க வேண்டும். அதன் முதுகுப்பகுதியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் நழுவாது. கீழ்த்தளத் தரையைக் கழுவிய பிறகு, ஈரம் காயும்வரை வகுப்பைத் தொடங்கக் கூடாது. சிலிப்பர் அணிந்து வருபவரை அன்று உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளை மட்டும் செய்யச் சொல்லலாம். அடுத்த முறை காலை முழுமையாக மூடும் காலணியுடன் வரச் சொல்லலாம்.

புதிதாக வருபவரிடம் இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, அண்மைய அறுவை சிகிச்சை, கடந்த ஓராண்டில் கீழே விழுந்தது ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். ஐயம் இருந்தால், அவர் தம் மருத்துவரிடம் ஆலோசனை பெற்ற பிறகே தொடங்க வேண்டும். சிலருக்கு உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். அவர்கள் எழுந்ததும் சிறிது நேரம் நாற்காலியைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

பயிற்சியின் கடுமையை அறியக் கருவி தேவையில்லை. பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான கடுமை. நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால், வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்பு வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம், திடீரென வாய் கோணுதல் அல்லது ஒரு பக்கக் கை தளர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வீவக புளோக்குகள் பலவற்றின் மின்தூக்கிக் கூடத்தில், இதயம் நின்றுவிட்டவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அது எங்கே இருக்கிறது என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்றுநர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முப்பது விநாடிக் கணக்கு

முன்னேற்றத்தை அளக்காவிட்டால் ஊக்கம் குறைந்துவிடும். அதற்கும் நாற்காலியே உதவுகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான ராபர்ட்டா ரிக்லி, ஜெசி ஜோன்ஸ் ஆகியோர் உருவாக்கிய சோதனைத் தொகுப்பில் ‘முப்பது விநாடி எழுதல்’ சோதனையும் ஒன்று. சுமார் 43 செண்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, முப்பது விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவின்படி, 75 முதல் 79 வயதுவரை உள்ள பெண் 10 முறைக்குக் குறைவாகவும் அதே வயதுள்ள ஆண் 11 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், அது சராசரிக்குக் குறைவு. அவர் கீழே விழும் அபாயமும் அதிகம்.

ஒருவரின் எண்ணிக்கையை மற்றவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சுவரில் ஒட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன்பு ஏழு, இன்று ஒன்பது. அந்த இரண்டுதான் அவருக்கு முக்கியம். அந்த இரண்டுக்கு அன்றாட வாழ்க்கையில் வேறு பெயர்கள் உண்டு: பிடிமானம் இல்லாமல் கழிவறையிலிருந்து எழுதல், பேருந்து நிற்பதற்குள் பதறாமல் இறங்குதல்.

மக்களே நடத்தும் வகுப்புகள்

எல்லாக் குழுக்களுக்கும் போதுமான பயிற்றுநர்கள் கிடைப்பார்களா? ஜப்பானில் உள்ள கோச்சி நகரம் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. 2002ஆம் ஆண்டு அந்நகர நிர்வாகம் ‘இக்கி இக்கி ஹியாக்குசாய் தாய்சோ’ என்ற பயிற்சியை அறிமுகம் செய்தது. ‘துடிப்புமிக்க நூறு வயதுப் பயிற்சி’ என்று அதற்குப் பொருள் கூறலாம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டை கட்டிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தபடி மெதுவாகச் செய்யும் பயிற்சி அது. பட்டையில் சிறு சிறு எடைகளைச் செருகிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டலாம். நிபுணர்கள் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள, அந்தந்த வட்டாரத்து மூத்தோரே கூடி வகுப்பைத் தொடர்ந்து நடத்தினர். பிறகு, அந்தப் பயிற்சி ஜப்பானின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

பயிற்சி பெறுபவரே நாளடைவில் பயிற்சி அளிப்பவராகலாம் என்பதே கோச்சி தரும் பாடம். 68 வயது அம்மா ஒருவர் முன்னே நின்று செய்து காட்டும்போது, 80 வயது ஐயாவுக்கு நம்பிக்கை பிறக்கிறது. இருபது வயது இளையரின் உடலைப் பார்த்து அந்த நம்பிக்கை வருவது கடினம்.

இளையருக்கும் இதில் வேலை இருக்கிறது. நாற்காலிகளை அடுக்குவது, போத்தல்களில் அளவாகத் தண்ணீர் நிரப்புவது, சமநிலைப் பயிற்சியின்போது பக்கத்தில் நிற்பது, எண்ணிக்கையைக் குறித்து வைப்பது, இரண்டு மொழிகளுக்கு இடையே பாலமாக இருப்பது ஆகியவற்றை அவர்கள் செய்யலாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழ முயலும்போது, உடனே ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது அன்பின் வெளிப்பாடுதான். ஆனால், அவரால் முடியும் என்றால், அருகில் நின்று பொறுமையாகக் காத்திருப்பதும் அன்புதான். பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, முதுகை முன்னால் சாய்த்து, தரையை அழுத்தி அவர் தாமாகவே எழுந்து நிற்க, அந்தச் சில விநாடிகளை நாம் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இணங்குதல் – உடன்படுதல், ஏற்று மாறுதல்
நிபந்தனை – கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய விதி
பிடிமானம் – பிடித்துக்கொள்ள உதவும் பொருள், ஆதாரம்
விரற்கடை – ஒரு விரலின் அகலம் அளவு
தேய்மானம் – தேய்ந்து குறைதல்
தட்டிக் கழித்தல் – பொருட்படுத்தாமல் விலக்குதல்

சிந்தித்து விடையளிக்க

1. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியைப் பற்றி இப்பகுதி கூறும் கருத்து யாது? பாஸ்டன் ஆய்வு அக்கருத்துக்கு எவ்வாறு துணைபுரிகிறது?
2. கருவிகள் இல்லாமல் தசைக்குக் கொடுக்கும் சுமையைக் கூட்டுவதற்கான இரண்டு வழிகளை விளக்குக.
3. ‘நல்ல பயிற்றுநர் அசைவை மாற்றுவதில்லை; அசைவின் படியை மாற்றுகிறார்.’ இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. முழங்கால் வலி என்று கூறிய பாட்டியிடம் பயிற்றுநர் நடந்துகொண்ட முறையில் நீ காணும் பண்புகள் யாவை?
5. உன் வீட்டிலோ புளோக்கிலோ உள்ள மூத்தோர் ஒருவர் நாள்தோறும் செய்யும் ஐந்து செயல்களைக் கவனித்து எழுதுக. அவற்றுள் எவற்றுக்குக் கால் வலிமை தேவை, எவற்றுக்குக் கைப்பிடி தேவை, எவற்றுக்குச் சமநிலை தேவை என்று வகைப்படுத்துக.
6. மூத்தோருக்கு உதவுவது எப்போது நன்மையாகிறது, எப்போது அவர்களின் திறனைக் குறைத்துவிடுகிறது? குழுவில் கலந்துரையாடுக.